எலும்பிலும் தசையிலும் தோன்றும் கட்டிகள்

தமிழில் 'கட்டி' என்னும் சொல் பல இடங்களில் வழங்குகிறது. வெல்லக்கட்டி, பனிக்கட்டி, மண்ணாங்கட்டி ஆகிய யாவும் ஒன்றாய்த் திரண்டு இறுகியவை. உடலில் திரள்வதையும் தமிழர் அச்சொல்லாலேயே குறித்தனர். சீழ் திரண்டால் சீழ்க்கட்டி. கொழுப்புத் திரண்டால் கொழுப்புக்கட்டி. இந்தியில் 'காண்ட்' என்று சொல்லப்படுவதும் இதுவே. அச்சொல்லுக்கு 'முடிச்சு' என்னும் பொருளும் உண்டு. ஆனால் இரு மொழிச் சொற்களிலும் ஒரு குறை இருக்கிறது. திரண்டிருப்பது தீங்கற்றதா, உயிருக்கு ஆபத்தானதா என்பதை அவை சொல்வதில்லை. அதைக் கண்டறியும் பணி மருத்துவருடையது.

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. அதனுள் குருதி ஓடுகிறது. பழைய எலும்பை அரித்து நீக்கும் செல்களும், புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாது உழைக்கின்றன. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைகளை அடுத்து 'வளர்ச்சித் தட்டு' என்னும் மென்மையான பகுதி உள்ளது. பிள்ளைகள் உயரமாவது அங்கே நிகழும் வேலையினால்தான். அவ்வேலை முழங்காலை ஒட்டிய பகுதியில் மிக விரைவாக நடைபெறும்.

இச்செல்களில் சில கட்டுப்பாடின்றிப் பெருகினால் கட்டி உண்டாகும். பெரும்பாலானவை தீங்கற்றவை. அவை தோன்றிய இடத்திலேயே இருக்கும், வேறிடம் செல்லமாட்டா. முழங்காலுக்கு அருகே குருத்தெலும்பு மூடிய ஒரு புடைப்பு வளர்வது உண்டு. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். மற்றொரு வகை அப்படியன்று. அது அக்கம்பக்கத்தை அரிக்கும். குருதி வழியே நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவும். இதுவே புற்று. கறையான் மண்ணுக்குள் வழி செய்துகொண்டு புற்றெழுப்புவதைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

எலும்பு, தசை, கொழுப்பு, நரம்பு போன்ற பகுதிகளில் தொடங்கும் புற்றுநோய்களுக்கு 'சார்கோமா' என்று பெயர். சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இவை நூற்றில் ஒன்று என்னும் அளவுக்கே காணப்படுகின்றன. அவர்களின் எலும்பில் புற்று காணப்பட்டால், அது பெரும்பாலும் மார்பு, நுரையீரல் போன்ற வேறிடத்தில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்ததாக இருக்கும். இளையோரின் நிலை வேறு. எலும்பிலேயே தொடங்கும் ஆஸ்டியோசார்கோமா என்னும் புற்று, பத்து முதல் இருபது வயதுக்குள்ளேதான் மிகுதியாகக் காணப்படுகிறது. எலும்பு விரைந்து வளரும் முழங்கால் பகுதியையே அது பெரும்பாலும் பற்றுகிறது.

விளையாட்டில் அடிபட்டதால் இந்நோய் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அடிபடுவதால் இது வருவதில்லை. விழுந்த பிறகு காலை உற்றுப் பார்க்கும்போது, முன்பே இருந்த வீக்கம் அன்றைக்குக் கண்ணில் படுகிறது, அவ்வளவே. வளரும் பிள்ளைகளுக்கு இரவில் கால் வலிப்பதும் இயல்பே. அவ்வலி பெரும்பாலும் இரு கால்களிலும் வரும், காலையில் மறைந்துவிடும், பிள்ளை வழக்கம்போல் ஓடியாடும். ஒரே இடத்தில் நிலைத்து, வாரத்திற்கு வாரம் கூடி, உறக்கத்திலிருந்து எழுப்பி, வீக்கத்தையும் உண்டாக்கும் வலி வேறு. அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை.

மருத்துவர் முதலில் கேட்பது வலியைப் பற்றியே. தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் பல. ஊசியால் குத்துவது போன்றது குத்தல். உள்ளிருந்து துளைப்பது போன்றது குடைச்சல். வீங்கித் தெறிப்பதை 'விண்விண் என்று தெறிக்கிறது' என்பர். டெல்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில், ஊரிலிருந்து வந்த பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், அவர் சொல்வதை இந்தியில் எடுத்துரைப்பது பெரும்பாலும் பேரப்பிள்ளையாகவே இருக்கும். 'இராத்திரி எலும்புக்குள்ளே குடையுது' என்று பாட்டி சொல்ல, பிள்ளை 'வலிக்கிறதாம்' என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்தி விடுபட்டுவிடும். இரவில், எலும்புக்குள், குடைவது என்னும் மூன்றும் மருத்துவருக்கு வேண்டிய குறிப்புகள்.

நம் நாட்டில் எலும்பு என்றதும் கட்டுப்போடும் வைத்தியரை நாடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவதும் பல மாநிலங்களில் காணப்படுகின்றன. சுளுக்குக்கு உருவிவிடுவது வேறு செய்தி. காரணம் தெரியாத வீக்கத்தை உருவிவிடுவது தவறு. புற்றாக இருந்தால் அழுத்துவது கேடு பயக்கும். மேலும், வைத்தியம் நடக்கிறது என்னும் நிறைவில் மாதங்கள் கழிந்துவிடும். இந்நோயில் மாதங்களின் மதிப்பு பெரிது.

எக்ஸ்ரே படம் மலிவானது. எளிய ஊர்களிலும் கிடைப்பது. ஆயினும் எலும்புக் கட்டியைப் பற்றி அது சொல்லும் அளவுக்கு விலையுயர்ந்த கருவிகள் சிலவும் சொல்வதில்லை. தீங்கற்ற கட்டியின் ஓரம் பென்சிலால் கோடிட்டது போலத் தெளிவாக இருக்கும். புற்றின் ஓரமோ பூச்சி அரித்தது போலச் சிதைந்திருக்கும். சில ஆஸ்டியோசார்கோமாக்களில் புதிய எலும்பு, ஞாயிற்றின் கதிர்கள் போல வெளிநோக்கி விரிந்து தோன்றும். எம்.ஆர்.ஐ. படம் கட்டி எதுவரை பரவியுள்ளது, நரம்பையும் குருதிக் குழாயையும் தொட்டுள்ளதா என்பதைக் காட்டும். நுரையீரலில் பரவல் உண்டா என்று அறிய மார்பை சி.டி. படம் எடுப்பர்.

படங்களும் சில வேளைகளில் ஏமாற்றும். ஜேம்ஸ் யூவிங் என்னும் அமெரிக்க மருத்துவர் 1921இல் விளக்கியுரைத்த 'யூவிங் சார்கோமா' காய்ச்சலுடன் வரக்கூடும். எலும்பில் சீழ் பிடித்தது போலவே தோன்றும். எலும்புக் காசநோய் மிகுந்த நம் நாட்டில் இக்குழப்பம் இன்னும் பெரிது. ஆகவே கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றியமையாதது. இதுவே 'பயாப்சி' எனப்படும் திசு ஆய்வு.

ஊசி குத்திச் சிறு துணுக்கு எடுப்பது எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் மருத்துவத்தில் மிகுந்த கவனம் வேண்டும் இடங்களுள் இது ஒன்று. ஊசி சென்ற பாதையில் புற்றுச்செல்கள் சிந்தியிருக்கக்கூடும். பின்னர் அறுவை செய்யும்போது அப்பாதையையும் சேர்த்தே வெட்டி எடுத்தல் வேண்டும். பொருத்தமற்ற இடத்தில் குத்தினாலும், காலின் நீளவாக்கில் கீறாமல் குறுக்கே கீறினாலும், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் பறிபோகலாம். ஹென்றி மேன்கின் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவரும் உடனிருந்தோரும் 329 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1982இல் இதனை எடுத்துக்காட்டினர். இறுதி அறுவை செய்யும் மருத்துவமனைக்கு வெளியே பயாப்சி நடந்தபோது பிழைகள் பன்மடங்கு மிகுந்திருந்தன. 1996இல் மீண்டும் ஆராய்ந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அறுவை செய்யப்போகும் மருத்துவரே, அல்லது அவருடைய வழிகாட்டுதலில் உள்ளவரே, பயாப்சியும் எடுக்க வேண்டும் என்பது இதனால் உறுதியான விதியாயிற்று.

முடிவு வரச் சில நாள் ஆகும். குடும்பத்தார் அக்காலத்தில் படும் கவலை பெரிது. தாமதத்திற்குக் காரணம் உண்டு. எலும்பு கடினமானது; நுண்ணோக்கிக்கு ஏற்றவாறு மெல்லிய சீவலாக அதை அப்படியே சீவ இயலாது. அமிலம் போன்ற கரைசலில் ஊறவைத்து அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை முதலில் நீக்க வேண்டும். அவசரப்பட்டால் செல்களின் வடிவம் கெட்டுவிடும். படம் பார்ப்பவர், நுண்ணோக்கியில் பார்ப்பவர், அறுவை மருத்துவர் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து பேசிய பின்னரே நோயின் பெயர் உறுதியாகிறது.

முன்பெல்லாம் மருத்துவம் ஒன்றே: காலையோ கையையோ வெட்டி எடுப்பது. அதைச் செய்தும் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் ஐவருக்கு ஒருவரே பிழைத்தார். கட்டியைக் கண்டுபிடிக்கும் முன்னரே கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நோய் நுரையீரலை அடைந்திருந்ததே காரணம். 1970களில் குருதி வழியே உடலெங்கும் செல்லும் மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. இதனைக் கீமோதெரபி என்பர்.

அந்த மாற்றத்தின் நடுவே வாழ்ந்தவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1977இல், 18 வயதில், அவருடைய வலது முழங்காலில் ஆஸ்டியோசார்கோமா கண்டறியப்பட்டது. முழங்காலுக்கு மேலே கால் நீக்கப்பட்டது. புதிய மருந்துகளால் அவர் பிழைக்க நூற்றுக்கு ஐம்பது பங்கு வாய்ப்பு உண்டு என்றனர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் அது பதினைந்தாக இருந்தது. ஆராய்ச்சியின் மதிப்பை அவர் உணர்ந்தது இவ்வேறுபாட்டினால்தான். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து, செயற்கைக் காலுடன், நிதி திரட்ட ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், அவர் மறைந்தார். ஆளுக்கு ஒரு டாலர் என்று நாட்டு மக்களிடம் அவர் கேட்டிருந்தார்; அத்தொகை அவர் வாழ்நாளிலேயே சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்தில் மும்பையிலும் சென்னையிலும் மக்கள் கலந்துகொண்டுள்ளனர்.

இன்று, வேறிடத்திற்குப் பரவாத நிலையில் கண்டறிந்து முழு மருத்துவமும் பெற்ற ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேர் வரை பிழைக்கின்றனர். முதலில் சில வாரங்கள் கீமோதெரபி, பிறகு அறுவை, அதன் பிறகு மீண்டும் கீமோதெரபி என்பது இப்போதைய முறை. முன்னதாக மருந்து கொடுக்கும் வழக்கம் தொடங்கிய விதம் வியப்புக்குரியது. நியூயார்க்கில் நோயாளியின் அளவுக்கேற்ற செயற்கை எலும்பு செய்து வர இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. அதுவரை வீணே காத்திருப்பதேன் என்று மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கினர். அறுவைக்குப் பின் கட்டியை ஆராய்ந்தபோது, எவ்வளவு செல்கள் மடிந்துள்ளன என்பதைக் கொண்டு அம்மருந்து வேலை செய்கிறதா என்று அறிய முடிந்தது. யூவிங் சார்கோமாவுக்குக் கதிர்வீச்சும் பயன்படும். ஆஸ்டியோசார்கோமா கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்குவதில்லை.

இப்போது பெரும்பாலோருக்குக் காலை வெட்டுவதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும், சுற்றிலும் சிறிது நல்ல திசுவுடன் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் உலோக எலும்பும் மூட்டும் பொருத்துவர். வெளிநாட்டிலிருந்து வரும் அத்தகைய மூட்டின் விலை எளியோருக்கு எட்டாதது. இந்நாட்டிலேயே குறைந்த செலவில் அவற்றைச் செய்வித்துப் பொருத்தும் பணியில் சென்னை எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராசன் முன்னின்றார். வளரும் பிள்ளைக்கு நீட்டிக்கத்தக்க மூட்டும் உண்டு. மற்றக் காலின் வளர்ச்சிக்கு ஈடாக அதைச் சிறிது சிறிதாக நீட்டுவர். இவ்வுலோக மூட்டுகள் என்றென்றும் நிலைப்பன அல்ல. கிருமி தொற்றலாம், தளர்ந்து மாற்ற நேரலாம்.

இன்னொரு வழியில், நோயாளியின் எலும்பையே வெளியே எடுத்து, கட்டியைச் சுரண்டி, உயர் அளவுக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதே இடத்தில் திரும்பப் பொருத்துவர். செலவு குறைவாதலால் இந்திய மருத்துவமனைகளில் இது கையாளப்படுகிறது. தன் எலும்பாதலால் அளவும் தவறுவதில்லை.

எலும்பல்லாத மென்திசுவில் தோன்றும் கட்டிகளைப் பற்றியும் சிறிது அறிதல் நலம். தோலுக்கடியில் மெத்தென்று நழுவும் கொழுப்புக்கட்டி பலருக்கு உண்டு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, ஆழத்தில் உள்ளது, வளர்ந்துகொண்டே வருவது ஆகியவற்றைப் படம் எடுத்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதும் சரியன்று; மென்திசுப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இந்நோய்க்கு மருத்துவம் தேடி மும்பை பரேலில் 1941இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனைக்கும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாறில் தோன்றிய புற்றுநோய் நிலையத்திற்கும் பல மாநிலத்தார் வருகின்றனர். மருத்துவத்திற்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. காலை நீக்கியே தீர வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குச் செயற்கைக் கால்கள் கிடைக்கின்றன. 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய 'ஜெய்ப்பூர் கால்' அவற்றுள் புகழ்பெற்றது. அதை அணிந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாம்; வயலில் இறங்கலாம்; சம்மணமிட்டு உட்காரவும் செய்யலாம்.

பயிற்சி

1. 'குத்தல்', 'குடைச்சல்' ஆகிய சொற்களின் வேறுபாட்டை எழுதுக. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வலியைக் குறிக்க வழங்கும் வேறு சொற்களைக் கேட்டு எழுதுக.
2. பயாப்சி எடுப்பவர் அறுவை செய்யும் மருத்துவராகவே இருக்க வேண்டும் என்பது ஏன்?
3. வளரும் பிள்ளைகளின் இயல்பான கால்வலியையும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய வலியையும் எவ்வாறு பிரித்தறியலாம்?