'பெண்' என்னும் சொல்: பொருள் வரையறையும் கருத்துரிமையும்

ஒரு சொல்லின் பொருள் யாது என்னும் வினா இலக்கண நூலார்க்கும் உரையாசிரியர்க்குமே உரியது என நாம் கருதி வந்துள்ளோம். ஆயின், 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவர், 'பெண்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒரு சட்டத்துள் எப்பொருளில் ஆளப்பட்டுள்ளது என்பதனை ஆராய்ந்து, கருத்து வேறுபாடின்றித் தீர்ப்பு வழங்கினர். அத்தீர்ப்பிற்கு முற்பட்ட சில ஆண்டுகளில் அச்சொற்பொருள் பற்றிய பூசலால் அந்நாட்டில் பணி இழந்தாரும், பேராசிரியப் பதவி துறந்தாரும் உளர். தம் வாழ்வே விவாதப் பொருளாயிற்றே என வருந்தினாரும் உளர்.

இப்பூசலின் ஒருபால் நிற்கும் கொள்கையை 'பாலினத் திறனாய்வுப் பெண்ணியம்' எனலாம். அதன் கருத்துகளையும் அவற்றிற்கு எழுந்த மறுப்புகளையும் விளக்கி, பூசலுள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும் வினாக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களின் வரலாறு

ஆங்கிலத்தில் 'செக்ஸ்', 'ஜெண்டர்' என இரு சொற்கள் உள. முன்னது உடல்வழி அமைந்த ஆண் பெண் வேறுபாட்டைக் குறிப்பது. பின்னது 'வகை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்து, நெடுங்காலம் பெரும்பான்மையும் இலக்கணக் குறியீடாகவே வழங்கியது. 1955இல் ஜான் மணி என்னும் உளவியலார், ஆணாகவோ பெண்ணாகவோ ஒருவர் சமூகத்தில் ஒழுகும் முறைமையைக் குறிக்க அதனை ஆண்டார். 1972இல் ஆன் ஓக்லி என்னும் சமூகவியலார், உடற்கூற்றால் அமைவது ஒன்று, சமூகம் கற்பிப்பது மற்றொன்று என இரண்டனையும் பிரித்து விளக்கி நூல் எழுதினார். அதன்பின் இப்பாகுபாடு பெண்ணியலாரிடையே பெரிதும் பரவிற்று. இவ்விருவர்க்கும் முன்னரே, 1949இல், பிரெஞ்சு அறிஞர் சிமோன் த பொவ்வார், பெண்மை என்பது பிறப்பளவில் முடிந்த முடிபன்று; வாழ்வின்கண் உருவாக்கப்படுவது என வாதிட்டிருந்தார்.

தமிழில் 'பால்' என்னும் சொல்லும் பகுப்பு என்னும் பொருளதே. தொல்காப்பியனார் உயர்திணையை ஆடூஉ, மகடூஉ, பல்லோர் எனப் பகுத்தார். ஆங்கிலம் இரு சொல்லால் குறித்தவற்றை நாம் ஒரு சொல்லாலேயே குறித்து வந்தோம். இக்காலத்து எழுந்த 'பாலினம்' என்னும் சொல்லைச் சிலர் உடல் வேறுபாட்டிற்கும், சிலர் சமூக நிலைக்கும் வழங்குதலின் மயக்கம் நேர்கின்றது. இக்கட்டுரையுள் 'பால்' என்பது உடலையும், 'பாலினம்' என்பது சமூக நிலையையும் குறிக்கும் எனக் கொள்க.

2. கொள்கையும் அதன் காரணமும்

பாலினத் திறனாய்வுப் பெண்ணியலார் கூற்றுகளை நான்காகத் தொகுக்கலாம். மாந்தரில் பால் இரண்டே. அஃது இனப்பெருக்க உடலமைப்பைப் பற்றியது. மாற்றவியலாதது என்பது முதலாவது. பெண் எனப்படுவோர் அவ்வுடலமைப்பால் பெண்ணாவரேயன்றி, உள்ளத்து உணர்வாலோ உடையாலோ ஒழுக்கத்தாலோ ஆவதில்லை என்பது இரண்டாவது. பெண்டிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பெரிதும் அவ்வுடல் பற்றியே எழுந்தன. ஆதலின் புள்ளிவிவரம், விளையாட்டு, சிறை, அடைக்கல இல்லம் முதலியவற்றில் பால் வேறுபாடு கருதப்படல் வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றை அச்சமின்றிச் சொல்லும் உரிமை வேண்டும் என்பது நான்காவது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவர்கள் பழைய வழக்கத்தைக் காக்கப் புகுந்தவர் அல்லர். பெண் மென்மையள், அடங்கியவள், அழகு விரும்புபவள் என்னும் கற்பிதங்களை ஒழிக்க வேண்டும் என்பதே இவர்தம் குறிக்கோள். பாலினம் என்பதே பெண்ணை அடக்க வந்த விலங்கு என்பர். அதனால், அவ்விலங்கை ஒருவர்தம் அகத்து அடையாளமாகக் கொண்டு, அதுபற்றிப் பெண் எனப் பெயர் பெறுதல் பொருந்தாது என வாதிடுவர். 'திறனாய்வு' என்னும் அடைமொழி பாலினத்தையே நோக்கியது என்பதனை மறவாதிருப்பின் இக்கொள்கையின் உள்ளீடு விளங்கும்.

3. மறுப்புகள்

மறுப்போரும் பெண்ணியலாரே என்பது இப்பூசலின் சிறப்பியல்பு. 1990இல் ஜூடித் பட்லர் வெளியிட்ட நூல், பாலினம் மட்டுமன்றி, உடலை இரு பாலாக நாம் கண்டு பெயரிடும் முறையும் சமூக வழக்கிற்குக் கட்டுப்பட்டதே என்றது. உடலின் பால் என்பது குரோமோசோம், ஹார்மோன், உறுப்பமைப்பு எனப் பல கூறுகளின் தொகுதி. அவை எல்லாம் ஒருவரிடம் ஒருவழிப்படாமலும் அமைதல் உண்டு என்பர் வேறு சிலர். இதற்கு மறுமொழியாக, அத்தகைய அரிய அமைப்புகள் மூன்றாம் பாலொன்றை நிறுவுவன அல்ல எனத் திறனாய்வார் கூறுவர்.

இவற்றினும் வலிய மறுப்பு வாழ்வினின்றும் எழுவது. ஆணெனப் பிறப்பில் குறிக்கப்பட்டுப் பெண்ணாய் வாழும் திருநங்கையர் எண்ணிக்கையில் சிறியோர். வன்முறைக்கும் இழிவுரைக்கும் ஆளாகி வருவோர். அவர்களைப் பெண்டிர்க்குரிய இடங்களினின்றும் விலக்குதல் அவர்தம் அன்றாட வாழ்வையே இடர்ப்படுத்தும். மேலும், யார் பெண் எனத் தோற்றத்தால் ஆராயப் புகின், ஆண்சாயல் உடைய பெண்டிரும் ஐயத்திற்கும் அவமதிப்பிற்கும் உள்ளாவர். இம்மறுப்பினைக் கூறாது இப்பொருளை விளக்கினோம் என்றல் அமையாது.

4. சட்டமும் சொற்பொருளும்

பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டின் பாலின ஏற்புச் சட்டம், 18 வயது நிரம்பி, மருத்துவச் சான்றும் ஈராண்டு வாழ்வும் காட்டுவோர்க்குச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. சான்றிதழ் பெற்றார், விதிவிலக்குகள் நீங்கலாக, எல்லா நோக்கங்கட்கும் தாம் ஏற்ற பாலினத்தவராவர் என்பது அதன் விதி. பின்னர் வந்த 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பாதுகாக்கப்படும் இயல்புகள் ஒன்பதனை வகுத்தது. அவற்றுள் 'பால்' ஒன்று. 'பாலின மாற்றம்' பிறிதொன்று. 'சமயமும் நம்பிக்கையும்' மற்றொன்று. இரு சட்டங்களும் சந்திக்குமிடத்துச் சிக்கல் தோன்றிற்று.

2018இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம், பொதுத்துறை வாரியங்களின் நிர்வாகப் பொறுப்பற்ற உறுப்பினருள் பாதியர் பெண்டிராதல் வேண்டும் என ஒரு சட்டம் இயற்றியது. அத்தொகையுள் பெண் எனச் சான்றிதழ் பெற்ற திருநங்கையரும் அடங்குவரோ என்பது வழக்காயிற்று. ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் 2022லும் 2023லும் அடங்குவர் என்றன. உச்ச நீதிமன்றம் 2025இல் அதனை மாற்றியது. சமத்துவச் சட்டத்துள் ஆண், பெண், பால் என்னும் சொற்கள் உயிரியற் பாலையே குறிக்கும் என்றது.

தீர்ப்பின் முறை உரையாசிரியர் முறையை ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. ஒரு நூலுள் ஒரு சொல் வேறு பொருள் கொள்ளற்குக் காரணம் இல்லாதவழி, ஓரிடத்துப் பொருளே பிறவிடத்தும் வரல் வேண்டும் என நீதிபதிகள் கொண்டனர். கருவுற்ற பெண்ணைக் காக்கும் பிரிவுகளில் 'பெண்' என்பது உயிரியற் பொருளிலன்றி வாராது. எனவே அச்சட்டம் முழுதும் அப்பொருளே கொள்ளப்பட்டது. அதே வேளையில் தம் ஆய்வின் எல்லையையும் அவர்கள் வரைந்தனர். அச்சட்டத்துள் அச்சொல்லின் பொருள் காண்டலே தம் பணி. பொதுவாழ்வில் பெண் எனற்குரியார் யார் என முடிவு கூறுதல் அன்று என்றனர். பாலின மாற்றம் என்னும் தனி இயல்பால் திருநர்க்குரிய பாதுகாப்பு குறையாது என்றும் விளக்கினர். ஒரு சாரார்க்கு வெற்றி, மறு சாரார்க்குத் தோல்வி எனத் தீர்ப்பைக் கொள்ளற்க எனத் துணைத் தலைவர் ஹாட்ஜ் பிரபு அறிவுறுத்தினார். ஆயினும், தீர்ப்பின் பின்னர்த் தம் வாழ்வு சுருங்கும் எனத் திருநர் பலர் அஞ்சினர் என்பதும் மறைத்தற்குரியதன்று.

நம் இலக்கணமும் ஈண்டு நினைவிற்கு வரும். ஆண்மையோ பெண்மையோ திரிந்தார் பெயர்கள் எவ்வீற்று வினையோடு முடியும் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் ஆராய்ந்தன. ஆண்மை விடுத்துப் பெண்மை விழைவாரைப் பெண்பால் என்றும், பெண்மை விடுத்து ஆண்மை விழைவாரை ஆண்பால் என்றும் நன்னூலார் கொண்டார். அஃறிணை போல வருதலும் உண்டு என அவர் கூறியது இன்று நம் செவிக்குக் கடிதாய் ஒலிக்கின்றது. இச்சூத்திரத்தை ஒரு சாரார் தமக்குச் சான்றாகக் காட்டின், மறு சாரார் அதன் பிற்பகுதியைக் காட்டி மறுப்பர். இரண்டும் பிழை. நன்னூலார் வகுத்தது சொல்முடிபு, உரிமைமுடிபு அன்று. நீதிமன்றம் தன் தீர்ப்பிற்கு வரைந்த எல்லையை நாம் நம் சூத்திரத்திற்கும் வரைதல் வேண்டும்.

5. சொல்லும் உரிமை

சொற்பொருள் வேறு, ஒரு பொருளைக் கொண்டு பேசும் உரிமை வேறு. மாயா ஃபார்ஸ்டேட்டர் என்னும் வரியியல் ஆய்வாளர், பால் மாற்றவியலாதது எனப் பொதுவெளியில் எழுதியதன் பின்னர் அவர்தம் ஒப்பந்தம் 2019இல் புதுப்பிக்கப்படவில்லை. அந்நம்பிக்கை மக்களாட்சிச் சமுதாயத்தில் மதிப்பிற்குரியதன்று என வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவ்வாண்டு டிசம்பரில் கூறிற்று. 2021 சூன் திங்களில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை மறுத்தது. நாசிசம் போலப் பிறர் உரிமையையே அழிக்க முற்படும் கொள்கைகளே பாதுகாப்பை இழக்கும். பிறர்க்கு வருத்தம் தருவது என்பதனாலேயே ஒரு நம்பிக்கை அதனை இழவாது என்றது. 2022இல் அவர் வேற்றுமைக்கு ஆளாக்கப்பட்டார் என முடிவாயிற்று.

எனினும் அதே தீர்ப்பு, திருநரை அவர் விரும்பாச் சொல்லால் எவ்விடத்தும் தடையின்றி அழைக்கலாம் என்னும் உரிமையைத் தரவில்லை. 2022இல் தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கு இதனைத் தெளிவாக்கும். தம்மிடம் வருவார் விரும்பும் பெயர்ச்சுட்டுகளை ஆள மறுத்த மருத்துவர் ஒருவர்தம் நம்பிக்கை பாதுகாப்பிற்குரியதே எனப்பட்டது. ஆயினும் வழக்கில் அவர் வெல்லவில்லை. நம்பிக்கை கொள்ளலும், பணியிடத்து அதனை வெளிப்படுத்தும் முறையும் வேறு என்பதே அதன் கருத்து.

பல்கலைக்கழகத்தாராகிய நமக்கு நெருங்கிய செய்தி சசெக்ஸ் பல்கலைக்கழகத்தது. அங்கு மெய்யியல் பேராசிரியராய் விளங்கிய கத்லீன் ஸ்டாக், இக்கொள்கையை நூலாக எழுதிய 2021ஆம் ஆண்டிலேயே, மாணவர் சிலர் நடத்திய எதிர்ப்பின் பின்னர்ப் பதவி விலகினார். அவர் கருத்தை மறுக்கும் உரிமை மாணவர்க்கு உண்டு. அவரை நீக்கக் கோரும் குரல், கருத்தை மறுக்கும் குரலாகுமா என்பதே வினா. இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டு உயர்கல்விப் பேச்சுரிமைச் சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2025 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தன.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் வினாக்கள் நான்கு எனத் தெளியலாம். உடலின் பால் யாது என்பது உயிரியலார்க்குரியது. ஒரு சட்டத்துள் ஒரு சொல் எப்பொருட்டு என்பது நீதிமன்றத்திற்குரியது. ஒரு கொள்கையைச் சொல்லலாமோ என்பது உரிமை பற்றியது. எதிர்நிற்பாரை எவ்வாறு அழைத்தல் தகும் என்பது பண்பாடு பற்றியது. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்ளும்போதே பூசல் பகையாகின்றது. சொல்லின் பொருளை வரையறுப்பார் வெறுப்பினர் என்றலும், மதிப்பை வேண்டுவார் உண்மைக்குப் பகைவர் என்றலும் அம்மயக்கத்தின் விளைவே.

நம் கருத்தரங்குகளிலும் இவ்வினாக்கள் இனி எழும். பால், பாலினம், பெண்மை என்னும் சொற்களை ஆளும் ஆய்வேடுகள் பெருகி வருகின்றன. அவற்றைத் தடுத்தலும் தகாது. அவ்வவையில் திருநங்கை ஒருவர் மாணவராய் அமர்ந்திருப்பார் என்பதனை மறத்தலும் தகாது. தாம் ஆளும் சொல்லின் பொருளை முதற்கண் வரையறுத்துக் கொண்டு புகும் ஆய்வாளர் இரண்டு பிழைக்கும் ஆளாகார்.