வேதாளம் கேட்கிறது, பதில் சொல்லுங்கள்!

"இந்த வயசில் உனக்குப் பேய்க் கதை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று உங்கள் வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, அலமாரி உச்சியில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால், தயவு செய்து அதைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள். கொடுக்கும் முன் நீங்களும் ஒரு தடவை படித்து விடுங்கள்!

மேல் நாடுகளில் பேய்க் கதைக்கென்றே ஒரு பருவம் உண்டு. அக்டோபர் 31-ஆம் தேதி இரவு குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக் கொண்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். இரத்தம் குடிக்கும் பேய்க் கதைகளுக்கு அப்போது தனி மவுசு. அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா'தான் இந்தப் பேய்க் கூட்டத்துக்கே தலைவர். 2005-ல் ஸ்டெபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி 'ட்விலைட்' என்ற நாவலை எழுதினார். அதில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி இரத்தக் காட்டேரியையே காதலிக்கிறாள்! உலகமெங்கும் வாலிப வயசுப் பெண்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பருவம் இல்லாமலில்லை. கார்த்திகை மாதத்து மழை இரவை விடப் பேய்க் கதைக்கு ஏற்ற நேரம் எது? அந்த மாதத்தில்தான் திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றுகிறார்கள். மலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோ மீட்டர். அந்தப் பாதையில் எட்டுத் திக்குக்கும் ஒன்றாக எட்டு லிங்கங்கள். வடகிழக்கில் இருக்கும் ஈசானிய லிங்கத்தின் அருகிலேயே சுடுகாடு! பௌர்ணமி இரவில், இடுப்பில் குழந்தையோடு வரும் தாய்மார்கள்கூட அந்த இடத்தை நிதானமாகக் கடந்து போகிறார்கள். சுடுகாட்டைக் கண்டு ஒதுங்காமல், அதையும் வலத்திலே சேர்த்துக் கொண்ட ஊர் அது.

நம்முடைய பழைய பேய்க் கதைகளும் இப்படிச் சுடுகாட்டு வழியாகத்தான் போகின்றன. ஆனால் பயமுறுத்துவதோடு அவை நின்று விடுவதில்லை. ஒரு வழக்கைக் கொண்டு வந்து உங்கள் முன் வைக்கின்றன.

விக்கிரமாதித்தன் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய 'கதா சரித் சாகர'த்திலேயே வேதாளத்தின் இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. ஆங்கிலேயரான ரிச்சர்ட் பர்ட்டன் 1870-ல் அவற்றில் சிலவற்றைத் தம் பாணியில் எழுதியபோது, வேதாளத்துக்கு 'வாம்பையர்' என்றே பெயர் வைத்தார். டிராகுலா பிறப்பதற்கு இருபத்தேழு வருஷம் முன்னால்! தமிழ்க் குழந்தைகளுக்கு அந்த வேதாளத்தைக் கண் முன் நிறுத்தியது 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'. கையில் வாள், தோளில் பிணம், இருட்டில் நடக்கும் ராஜா! சித்திரக்காரர் சங்கர் தீட்டிய அந்தப் படத்தை யார் மறப்பார்கள்? அம்புலிமாமா நின்று விட்டது. சங்கரும் 2020-ல் காலமாகி விட்டார். படம் மட்டும் மனசில் நிற்கிறது.

வேதாளம் சொல்லும் ஒரு கதை இது. மந்தாரவதி என்ற பெண்ணை மூன்று வாலிபர்கள் விரும்புகிறார்கள். திடீரென்று அவள் இறந்து போகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான். இன்னொருவன் எலும்பைக் கங்கையில் கரைக்கப் போகிறான். மூன்றாமவன் ஊர் ஊராய் அலைந்து, உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு திரும்புகிறான். பெண் எழுந்து விட்டாள்! அவள் யாருக்குச் சொந்தம்?

உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமம். எலும்பைக் கரைத்தவன் பிள்ளைக்குச் சமம். சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்று ராஜா தீர்ப்புச் சொல்கிறார். பிரமாதமான தீர்ப்புத்தான். ஆனால் சகோதரிகளே, அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இப்போது பழையனூர் நீலியைப் பாருங்கள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்டவள், பேயாக வந்து பழி தீர்த்த கதை. வணிகனாகப் பிறந்திருந்த அவனைத் தன் புருஷன் என்று சொல்லி ஊர்ச் சபையில் அழுதாள். சபையார் எழுபது பேரும் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்களே ஜாமீன் நின்று, அவளோடு அனுப்பினார்கள். அவள் அவனைக் கொன்றாள். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அந்தச் சத்தியத்தை இன்றும் புகழ்கிறோம். நீலிக்குக் கிடைத்ததோ 'நீலிக் கண்ணீர்' என்ற வசைச் சொல்தான்! முதலில் நடந்த கொலையை நினைப்பவர் எத்தனை பேர்?

1943-ல் புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை'யில் பேய் சுடுகாட்டை விட்டு நடு வீட்டுக்கே வந்து விடுகிறது. ஓர் எழுத்தாளர் வீட்டில், மனைவி இரக்கப்பட்டுச் சேர்த்துக் கொண்ட பிச்சைக்காரி. நடு இரவில் பிணவாடை. மனைவியின் கழுத்தில் குண்டூசி முனை அளவு இரத்தம்! வந்தவள் யார் என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்வதில்லை. தீர்ப்பை நம்மிடமே விட்டு விடுகிறார்.

பதினைந்து வயசுப் பெண்ணுக்குப் பயப்படவும் தெரியும். நியாயம் கேட்கவும் தெரியும். புத்தகத்தை ஒளித்து வைத்தால் முதலாவதுதான் மிஞ்சும். இந்தக் கார்த்திகையில் அகல் விளக்கெல்லாம் ஏற்றி வைத்த பிறகு, ஒரு கதையை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "நீயாயிருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வாய்?" என்று கேளுங்கள். ராஜாவையே மடக்கும் பதில் வந்தாலும் வரும்.

பதில் சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறி விடுமே என்கிறீர்களா? ஏறட்டும். அப்போதுதானே அடுத்த கதை கிடைக்கும்!