தராசைத் தொடாமல் ஈயக்கல்லை நிறுப்பது

ஜொகூரின் கோத்தா திங்கி வட்டாரத்தில் பெலெப்பா கானான் என்றொரு சுரங்கம் இருந்தது. ஈயமும் (அதாவது வெள்ளீயம்) இரும்பும் சேர்ந்து கிடைத்த இடம். ஆற்று மணலில் கலந்து கிடந்த ஈயக்கல்லைப் பிரிக்க அந்தக்கால மலாயாவில் 'டூலாங்' என்ற அகன்ற மரத்தட்டே போதும். மண்ணோடு தண்ணீரையும் அள்ளித் தட்டைச் சுழற்றினால் வெளிர் மணல் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். கறுத்த ஈயக்கல் அடியில் தங்கும்.

காரணம் அடர்த்தி. குவார்ட்ஸ் மணல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். காசிட்டரைட் எனப்படும் ஈயக்கல்லோ ஏறக்குறைய 7 கிராம். இந்த 7 என்ற எண்ணைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிட முடியும் என்பதுதான் வியப்பு.

படிகத்தில் ஒரே மாதிரியான சின்னஞ்சிறு கட்டம் எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கிறது. ஒரு கட்டத்தின் நிறையும் கன அளவும் தெரிந்தால் முழுக் கல்லின் அடர்த்தியும் தெரிந்துவிடும். ஈயக்கல்லின் கட்டம் சதுர வடிவ அடித்தளம் கொண்ட பெட்டி. எக்ஸ் கதிர் காட்டும் அளவு: அடிப்பக்கம் 4.738 ஆங்ஸ்ட்ராம், உயரம் 3.187. பெருக்கினால் சுமார் 71.5 கன ஆங்ஸ்ட்ராம்.

அடுத்தது அணுக்களை எண்ணுவது. மாணவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். எட்டு மூலைகளிலும் ஈய அணு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மூலையையும் எட்டுப் பெட்டிகள் பங்குபோடுவதால் மொத்தம் ஒன்றுதான் கணக்கில் சேரும். நடுவில் இன்னொன்று. ஆக, ஈயம் இரண்டு. ஆக்சிஜன் உள்ளே இரண்டு. மேல், கீழ் முகங்களில் நான்கு பாதிகள். ஆக, நான்கு.

இந்த ஆறு அணுக்களின் நிறை 301.4 அணு நிறை அலகு. அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கிராமாக்கி, கன அளவால் வகுத்தால் 7.00. பூமியிலிருந்து எடுத்த கல்லை நிறுத்துப் பார்த்தால் 6.8 முதல் 7.1 வரை வருகிறது. இயற்கைக் கல்லில் இரும்பு, டாண்டலம் போன்றவை ஈயத்தின் இடத்தில் நுழைவதால் இந்த ஏற்ற இறக்கம்.

பீங்கான் பொருள் செய்பவர்களுக்கு இந்த எண் அன்றாடத் தேவை. ஈய ஆக்சைடுத் தூளை அழுத்திச் சுட்ட வில்லையைத் தண்ணீரில் நிறுத்து, 6.3 என்று வந்தால் பத்தில் ஒரு பங்கு வெறும் துளை என்று பொருள். தூய ஈய ஆக்சைடு எவ்வளவு சுட்டாலும் எளிதில் இறுகாது. மாங்கனீசு ஆக்சைடோ செப்பு ஆக்சைடோ துளி சேர்த்த பிறகுதான் அந்தத் துளைகள் மூடத் தொடங்கும்.