லயத்துக்கு வந்த தனி முகவரி

தொலைபேசியையும் இணையத்தையும் சட்டத்தால் கட்டுப்படுத்தல் தகுமா என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நிகழ்கின்றது. அது நகரத்துப் படித்தவர்களின் பேச்சு என்று மலைநாட்டார் நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. உண்மையில் இவ்விவாதத்தில் நமக்குள்ள அக்கறை நகரத்தாருடையதினும் பெரிது.

காரணம் யாதெனில், கந்தப்பளை முதல் ஹட்டன் வரை பரந்து கிடக்கும் தோட்டங்களில் லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி என்பது நெடுங்காலம் இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், காரியாலயத்தில் தங்கும், பின்னர் கைமாறிக் கைமாறி உரியவரைச் சேரும், அல்லது சேராமலே போகும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்தமையால் உத்தியோகம் இழந்த இளைஞரும், பிரித்த கடிதத்தைப் பெற்று மனம் புழுங்கிய பெற்றோரும் நம்மிடையே உளர். இக்குறை பல இடங்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை. இத்தகைய மக்களுக்குக் கிடைத்த முதல் தனி முகவரி கையடக்கத் தொலைபேசியின் இலக்கமேயாகும். கொழும்பில் வேலை செய்யும் மகளின் குரல் எவர் கையிலும் தங்காமல் தாயின் காதுக்கு நேரே வருகின்றது. ஆதலின் அம்முகவரியைக் காக்கும் சட்டம் நமக்கு ஆடம்பரமன்று.

அந்தரங்கம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பிறருடைய விவரங்களைத் திரட்டுவோர், இன்ன காரியத்துக்கென்று கூறியே திரட்டவேண்டும்; வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். ஆயினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. முன்னோர் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்ட 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் நாம். ஓர் ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாமையும் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. இந்தியாவின் உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24ஆந் திகதி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்த்தது. நம் அரசியலமைப்பிலும் அவ்வுரிமை வெளிப்படையாக இடம்பெறுதல் வேண்டும்.

வழி

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் சிறு ரயில் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பாதை தோட்டங்களின் தேவைக்காக வந்தது. இலாபம் குன்றியதும் மூடப்பட்டது. இணைய வழியும் வியாபாரத்தையே நம்பியிருப்பின் இலாபமில்லாத மலைச்சரிவை அது நாடாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்தைப் பெறுவதற்குச் சமிக்ஞை தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாடறியும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை நம் நாட்டில் தொடங்கியது. அதன் கட்டணமோ நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு எட்டாதது. தோட்டப் பாடசாலைகளுக்கேனும் இணைப்பளித்தல் கட்டாயம் என அரசாங்கம் விதித்தாலன்றி இக்குறை தீராது.

உள்ள வழியை அடைப்பதும் தவறே. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. பொய்யும் பகையும் பரப்புவோரைத் தண்டித்தல் நியாயம். அதற்காக அனைவரின் வழியையும் அடைத்தல், திருடன் வந்தானென்று ஊர்ச்சாலையை வெட்டுவதற்கு ஒப்பாகும். ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் பெரும் அதிகாரத்தை ஒப்படைக்கும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் குறித்துப் பலர் அஞ்சுவதும் இதனாலேயே. வேலி மேயத் தொடங்கினால் பயிர் யாரிடம் முறையிடும்?

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொலைபேசி பயன்படுத்தலாகாது என்ற விதியை ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டெம்பரில் அம்மாநில மேல் நீதிமன்றம், இணையத்தைப் பெறுதல் கல்வியுரிமையின் பகுதி எனக் கூறி, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டியதே. அது காரணம் காட்டி அமைந்த கட்டுப்பாடாக இருத்தல் வேண்டும்.

கருவியின் காப்பு

உலகப் புகழ்பெற்ற சாம்சங் நிறுவனமே 2016இல், மின்கலம் தீப்பற்றியமையால் கெலக்ஸி நோட் 7 தொலைபேசிகளைத் திருப்பியழைத்து உற்பத்தியையும் நிறுத்தியது. அவ்வாறாயின், பெயரறியாத மலிவு மின்னேற்றிகளைப் பற்றி என்ன சொல்வது! ஒரே செருகியில் பல கம்பிகள் தொங்கும் லயத்துக் காம்பிராவில், தலையணைக்கடியில் தொலைபேசியை மின்னேற்றிவிட்டு உறங்குதல் பெரும் ஆபத்து. ஒரு காம்பிராவில் பற்றும் தீ லயம் முழுவதையும் கொள்ளும்.

2025 ஜனவரி 28 முதல், பதிவு பெறாத புதிய கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தடை விதித்தது. எனவே தொலைபேசி வாங்குமுன் அதன் 15 இலக்க அடையாள எண்ணைக் கடையிலேயே கேட்டு, பதிவு உண்டா எனச் சரிபார்த்தல் நன்று.

மாணவர்களே, சட்டம் மலையேறி வரும்வரை உங்கள் இல்லத்துக்கு நீங்களே காவலர். அடையாள அட்டையின் பிரதியை எவர் கேட்டாலும் எதற்கென்று வினவுங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லலாகாது என்று பாட்டிக்கும் விளக்குங்கள். ஆங்கிலத்தில் வரும் நிபந்தனைகளைத் தாய்க்குத் தமிழில் படித்துக் காட்டியபின் சம்மதம் அளிக்கச் செய்யுங்கள். நமக்குரிய கடிதத்தை நாமே பிரிக்கும் உரிமை அரிதிற் கிடைத்தது. அதனை அறியாமையால் இழத்தல் கூடாது.