பின்கட்டு திறந்திருக்கு, வாங்க!

காலை ஏழரை மணி. கானாடுகாத்தான் தெருவில் பால்காரர் ஒருவர், அவரை விட்டால் நாங்கள் நால்வர்: கணவர், பத்து வயது மகள், மாமியார், நான். ஹோட்டலாகிவிட்ட செட்டிநாட்டு வீடுகளை நடந்தே சுற்றிப் பார்ப்பதுதான் இந்த விடுமுறைக்கு நாங்கள் போட்ட திட்டம். லாஸ் வேகாஸில் சூதாட்ட ஹோட்டல்களைக் குடும்பத்தோடு இப்படித்தான் நடந்து சுற்றுவார்களாம். அங்கே வெனிஸ் கால்வாயையும் ஈஃபில் கோபுரத்தையும் நகலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கேயோ இத்தாலிப் பளிங்கையும் பர்மாத் தேக்கையும் கப்பலேற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்!

'விசாலம்' ஹோட்டல் வாசலில் சற்று நின்றோம். ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு இது என்று சொன்னதும், என் மகள் மெல்லத் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டென்று மாடி ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வீட்டில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம். இந்த ஊர் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். சுற்றிக்கொண்டு போனபோது அந்தப் பின்கதவு திறந்தே கிடந்தது! எட்டிப் பார்த்த எங்களை மேற்பார்வையாளர் கூப்பிட்டார்: "உள்ள வாங்க. செருப்பை மட்டும் கழட்டிருங்க, இப்பத்தான் தொடச்சிருக்கு."

முகப்பில் சரவிளக்கு தொங்கும் அதே வீடுதான். பின்கட்டிலோ சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. கேஸ் சிலிண்டர்கள், கால் உடைந்த நாற்காலி, அதன்மேல் யாரோ மறந்துவிட்டுப் போன டீ கிளாஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய ஆட்டுக்கல் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது.

அடுக்களையில் வெள்ளைப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. "அளவு என்னம்மா?" என்று மாமியார் ஆரம்பித்தார். சமையல்கார அக்கா உழக்கை எடுத்துக் காட்டினார்: "பச்சரிசி தலைதட்டி ஒரு உழக்கு. அதுக்கு மேலயே உளுந்தைக் கோபுரமாக் குமிச்சுக்கணும். கோபுரம் சரிஞ்சா பணியாரமும் சரிஞ்சிடும்." ஒரு கரண்டி மாவைக் காயும் எண்ணெயில் விட்டார். அது அடியில் போய் ஒரு கணம் யோசித்தது, பிறகு ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து உப்பி மேலே வந்தது. நிறம் மாறுவதற்குள் திருப்பி எடுத்துவிட வேண்டும். புகையில் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. கை மட்டும் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

வளவுக்கு வந்தோம். நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. ஒரு பெண் மண்டியிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய்! கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றி வார்க்கிற கல் அது. பளபளப்பை அந்தக் கண்ணாடி கொடுத்தது, அதைக் காப்பாற்றுவது இந்தக் கை.

மகள் சுவரில் கன்னத்தை வைத்தாள். "அம்மா, ஜில்லுனு இருக்கு!" சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்த பூச்சு. "எத்தனை முட்டை போயிருக்கும்?" என்று கேட்டாள். ஏணிமேல் நின்ற பெயிண்டர் சிரித்தார்: "அந்தக் காலத்துக் கோழிங்களுக்கு லீவே கிடைச்சிருக்காது பாப்பா!"

அங்கே ஓர் அறை வாசலில் நாலு பேர் ஒரு தேக்குக் கட்டிலோடு மல்லுக்கு நின்றார்கள். கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கிய அறைகள்தான் இன்று விருந்தினர் அறைகள். வாசலோ குறுகல். "இடதுபக்கம் சாய்ங்கண்ணே... ஐயோ, அது உங்க இடது!" சட்டைகள் தொப்பலாக நனைந்தபின் கட்டில் உள்ளே போனது. எங்கள் கைதட்டலில் புறாக்கள் பறந்தன.

1942-இல் பர்மா ஜப்பான் வசமானதும், அங்கே வணிகம் செய்த பல செட்டிநாட்டுக் குடும்பங்களின் தொழிலே குலைந்தது. இன்று எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தெருவெல்லாம் அந்தப் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்ததாலோ என்னவோ, இந்த எண்ணெய்ப் புகையும் கூச்சலும் அவ்வளவு பிடித்துப்போயிற்று எனக்கு. சரவிளக்கைவிட இதைத்தான் மறுபடி பார்க்க வருவேன்.

முன்வாசலில் மணி அடித்தது. "கார் வந்தாச்சு!" டீ கிளாஸ் காணாமல் போனது, துணிமலை கதவுக்குப் பின்னால் ஒளிந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழை இலைத் துண்டில் நாலு பணியாரத்தையும் மிளகாய்ச் சட்னியையும் வைத்து மகள் கையில் திணித்தார். "ஆறுறதுக்குள்ள சாப்பிடு கண்ணு," என்று சொல்லிவிட்டு, மாலைத் தட்டோடு முகப்பை நோக்கி ஓடினார்.