கடைசி கிளாஸை ஊத்தினது யாரு?

‘ஆர்.எஸ்.ஏ-ன்னா என்ன?’ என்று எந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பார்ட்டியைக் கேட்டாலும் பிரைம் நம்பர், பப்ளிக் கீ, பிரைவேட் கீ என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். செமஸ்டருக்கு செமஸ்டர் தவறாம வர்ற கேள்வியாச்சே! இதே கேள்வியை ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸ் படிக்கும் சீனியரிடம் கேட்டுப் பாருங்கள். ‘‘அது இல்லாம பார்ல தட்டு எடுக்கிற வேலைகூட கிடைக்காதுடா’’ என்று பதில் வரலாம்!

அங்கே ஆர்.எஸ்.ஏ. என்றால் ‘ரெஸ்பான்சிபிள் சர்வீஸ் ஆஃப் ஆல்கஹால்’. தமிழில் சொன்னால், பொறுப்போடு மது பரிமாறுவது. நம்ம ஊரிலிருந்து போகிற பசங்க, பொண்ணுங்களில் பலர் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஹோட்டல், பார், ரெஸ்டாரன்ட்டில்தான் பார்ட் டைம் பார்க்கிறார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மது பரிமாறுகிறவர் மட்டுமல்ல, பார் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகூட இந்த கோர்ஸை முடித்து கார்டு வாங்கியிருக்க வேண்டும். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ரெனியூவல்.

‘கிளாஸ்ல ஊத்திக் குடுக்க ஒரு கோர்ஸா?’ன்னு சிரிக்காதீங்க பாஸ். ஊற்றுவது எப்படி என்பது இந்த கோர்ஸின் விஷயமே இல்லை. எப்போது நிறுத்துவது என்பதுதான் விஷயம்!

‘போதும் சார்’ - இதுதான் சிலபஸ்

நியூ சவுத் வேல்ஸின் 2007-ம் வருட மதுச் சட்டம் போதைக்கு ஒரு விளக்கம் கொடுக்கிறது. ஒருத்தரோட பேச்சு, பேலன்ஸ், உடல் ஒத்திசைவு, நடத்தை இதில் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தடுமாறியிருக்க வேண்டும். அதற்கு மதுதான் காரணம் என்று நம்ப நியாயமும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! மெஷினில் ஊதச் சொல்லி அளக்க வேண்டியதில்லை. பார்த்தாலே தெரிகிறது என்றால், அவருக்கு மேற்கொண்டு ஊற்றக் கூடாது. மீறி ஊற்றினால் அபராதம் 11,000 ஆஸ்திரேலிய டாலர் வரை போகும். பதினெட்டு வயசுக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுத்தாலும் கேஸ்தான்.

சரி, போதையில் இருக்கிறவர்கிட்ட ‘இனிமே கிடையாது’ன்னு சொல்றது என்ன சாதாரண வேலையா? அதையும் கற்றுக் கொடுக்கிறார்கள். நண்பர்கள் முன்னாடி அவமானப்படுத்தாமல் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டுப் பேசணும். ‘நீங்க ஓவரா குடிச்சிருக்கீங்க’ என்று குற்றம் சொல்லாமல், ‘இதுக்கு மேல குடுக்க சட்டம் விடாது சார், என் வேலை போயிடும்’ என்று சட்டத்தின் மேல் பழியைப் போடணும். தண்ணி குடுக்கணும், சாப்பிட ஏதாவது குடுக்கணும், டாக்ஸி கூப்பிட்டுத் தரணும். முக்கியமா, கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லி வைக்கணும். இல்லேன்னா அண்ணன் அடுத்த கவுன்ட்டருக்குப் போய் புதுசா ஆரம்பிச்சிடுவாரே!

அதற்கும் மசியவில்லையா? வெளியே போகச் சொல்ல சட்டம் அதிகாரம் தருகிறது. வெளியேற்றப்பட்டவர் 24 மணி நேரத்துக்கு அந்த பாருக்குள் வரக் கூடாது. பாரைச் சுற்றி 50 மீட்டருக்குள் நின்று அலப்பறை பண்ணவும் கூடாது. மறுத்தால் போலீஸை அழைக்கலாம். பத்தொன்பது, இருபது வயசுல ஒரு ஸ்டூடண்ட், தன்னைவிட ரெண்டு மடங்கு சைஸ்ல இருக்கிறவர்கிட்ட தைரியமா ‘நோ’ சொல்ல முடியுதுன்னா, அவன் பின்னாடி சட்டம் நிக்குது, போலீஸ் நிக்குது என்பதால்தான்.

கணக்குப் பாடம்

கோர்ஸில் இன்ஜினீயரிங் மூளைக்குத் தீனி போடுகிற பகுதியும் உண்டு. அதுதான் ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’. பத்து கிராம் சுத்தமான ஆல்கஹாலை ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்கிறார்கள். அதைக் கரைக்க ஈரலுக்கு சுமாராக ஒரு மணி நேரம் ஆகும். பிளாக் காபி, பச்சைத் தண்ணிக் குளியல், மோர்... எதைக் கொடுத்தாலும் ஈரல் தன் ஸ்பீடைக் கூட்டாது!

நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். இங்கே பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் இது 77 மில்லி. ஆல்கஹாலின் அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 61 கிராம். அதாவது, ஒரு குவார்ட்டர் = ஆறு ஸ்டாண்டர்ட் டிரிங்க்! ராத்திரி 12 மணிக்கு முடிச்சா, விடியற்காலை ஆறு மணிக்குக்கூட ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். 650 மில்லி பீரும் சாதுப் பிள்ளை இல்லை. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அதுவே நாலு ஸ்டாண்டர்ட் டிரிங்க்.

இன்னொரு கணக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம் என்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரே ஒரு ‘லார்ஜ்’ அடித்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு இருக்கு. பெண்கள், ஒல்லியானவர்கள் எல்லாம் இன்னும் சீக்கிரம் தாண்டிடுவாங்க. ‘நான் ஸ்டெடிடா மச்சான்’ என்பதெல்லாம் டயலாக். ரத்தம் வேற நம்பர் சொல்லும்!

போலீஸ் கேட்ட ஒரே ஒரு கேள்வி

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அதே நியூ சவுத் வேல்ஸில், ஹன்டர் என்ற பகுதியில் 1990-களில் ஒரு வேலை ஆரம்பித்தது. அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று யார் மாட்டினாலும் போலீஸ் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுப் பதிவு செய்தது - ‘கடைசியா எங்கே குடிச்சீங்க?’

சிம்பிள் கேள்வி. ஆனால் மாசக் கணக்கில் பதில்களைச் சேர்த்தால் ஒரு மேப் கிடைக்குமே! எந்த பாரிலிருந்து அதிகம் பேர் பிரச்னையோடு வெளியே வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த ரிப்போர்ட்டை போலீஸ் பார் ஓனரிடமே கொடுத்தது. ‘உங்க கடையில குடிச்சவங்க இத்தனை பேர் எங்ககிட்ட மாட்டியிருக்காங்க. என்ன பண்ணலாம்னு உட்கார்ந்து பேசுவோமா?’ என்கிற பாணி. இந்த முறை பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது.

பார் ஓனர்கள், போலீஸ், நகராட்சி எல்லோரும் சேர்ந்து உட்காரும் ‘லிக்கர் அக்கார்டு’ என்ற ஒப்பந்தக் குழுக்களும் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. சில ஊர்களில், ஒரு பாரில் ரகளை பண்ணித் தடை வாங்கினால் அந்தக் குழுவில் இருக்கும் மற்ற பார்களிலும் தடை! நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கும் பார்கள் சம்பவப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அடிதடி, வெளியேற்றம், யாருக்காவது மருத்துவ உதவி தேவைப்பட்டது... எல்லாம் அதில் ஏறணும். போலீஸ் கேட்டால் காட்டணும்.

2008-ல் நியூகாசில் நகரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். போலீஸும் அங்கே குடியிருப்பவர்களும் கொடுத்த புகாரில், நகர மையத்தின் 14 பார்கள் விடிகாலை அஞ்சு மணிக்குப் பதில் மூன்று, மூன்றரைக்கே மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ராத்திரி ஒரு மணி, ஒன்றரைக்கு மேல் புது ஆள் உள்ளே நுழைய முடியாது. பக்கத்துப் பகுதியான ஹாமில்டனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அடிதடி 37 சதவீதம் குறைந்திருந்தது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது.

கார்டு மட்டும் போதுமா?

போதாது! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பர் இருக்கும் வாஷ்டெனா கவுன்ட்டியில் ஒரு பரிசோதனை நடந்தது. போதையில் இருப்பதுபோல் நடிக்கிற ஆட்களை பார்களுக்கு அனுப்பினார்கள். சர்வர்கள் ‘கிடையாது’ என்று மறுத்தது வெறும் 17.5 சதவீதம்தான். அப்புறம் மஃப்டி போலீஸ் பார்களுக்கு வந்து கண்காணித்து, தள்ளாடுகிறவருக்கு ஊற்றுகிற சர்வர்கள் மேல் நடவடிக்கை எடுக்க ஆரம்பித்தது. மறுப்பு 54.3 சதவீதமாக எகிறியது! குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்களில் பாரிலிருந்து கிளம்பியவர்களின் பங்கு 31.7-லிருந்து 23.3 சதவீதமாக இறங்கியது. 1994-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது ஒன்றுதான். சட்டம் புத்தகத்தில் இருந்தால் பத்தாது, யாரோ கவனிக்கிறார்கள் என்ற நினைப்பு கவுன்ட்டரில் நிற்கிறவருக்கு இருக்கணும்.

மறுபக்கத்தையும் சொல்லிடணும். சிட்னி நகர மையத்திலும் கிங்ஸ் கிராஸிலும் 2014-ல் இதே மாதிரி ‘லாக்-அவுட்’ கொண்டுவந்தபோது, ஊரோட நைட் லைஃபே செத்துப்போச்சு, இசைக் கலைஞர்கள் வேலை இழந்தாங்கன்னு பெரிய எதிர்ப்பு. 2020-ல் நகர மையத்திலும், 2021-ல் கிங்ஸ் கிராஸிலும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். நேரத்தைத் தளர்த்தினாலும், தள்ளாடுகிறவருக்கு ஊற்றக் கூடாது என்ற விதியிலும் ஆர்.எஸ்.ஏ. கார்டிலும் யாரும் கை வைக்கவில்லை. கவனிச்சீங்களா?

நம்ம ஏரியா

2024 மே 19. புனேயில் 17 வயசுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன ரெண்டு ஐ.டி. இன்ஜினீயர்கள் இறந்துபோனார்கள். ரெண்டு பேருக்கும் 24 வயசு. படிப்பை முடிச்சு வேலைக்குப் போய் கொஞ்ச வருஷம்கூட ஆகாத வயசு. அதாவது, நாலே வருஷத்துல நாம இருக்கப் போற வயசு. விபத்து பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி அந்தப் பையனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்தது நாடு முழுக்கக் கொதிப்பைக் கிளப்பியது நினைவிருக்கலாம். அந்தக் கோபத்தில் நாம் அதிகம் பேசாத விஷயம், மைனருக்கு மது கொடுத்ததாக பார் நடத்தியவர்களும் கைதானார்கள் என்பது. ‘வயசு என்ன?’ என்று கவுன்ட்டரில் ஒருத்தர் கேட்டிருந்தால்?

தமிழ்நாட்டில் 21 வயசுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது. சட்டம் தெளிவா இருக்கு. செகண்ட் இயர், தேர்டு இயர் படிக்கிறவர்களில் எத்தனை பேர் 21-ஐத் தாண்டியிருக்கிறார்கள்? எத்தனை பேரிடம் ஐ.டி. கார்டு கேட்டார்கள்? பதில் உங்களுக்கே தெரியும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய பாரை நடத்துவது டெண்டர் எடுத்த தனியார். பாட்டிலை விற்பது ஒருத்தர், உட்கார இடமும் சைடு டிஷ்ஷும் கொடுப்பது இன்னொருத்தர். ஆறு ஸ்டாண்டர்ட் டிரிங்க்கை ஒரே பாட்டிலாக வாங்கிக்கொண்டு வருகிறவரிடம் ‘போதும் சார்’ என்று யார் சொல்வது? கவுன்ட்டர்ல இருக்கிறவர் பார்க்கும்போது அவர் தெளிவா இருக்கார். பார்ல இருக்கிறவரோ ‘பாட்டிலை நானா வித்தேன்?’ என்பார். சர்க்யூட்டில் கட்-ஆஃப் சுவிட்சே வைக்காமல் விட்ட மாதிரி!

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கு. கோவை மாநகர போலீஸ் 2024-ல் பார்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. குடித்துவிட்டுக் கிளம்பும் வாடிக்கையாளர் தானே வண்டி ஓட்டிப் போகாமல், டிரைவரோ மாற்று வண்டியோ ஏற்பாடு செய்வது பாரின் பொறுப்பு என்றது. ரோட்டில் மறித்து ஊதச் சொல்வது கடைசிக் கட்டம். வண்டிச் சாவியைத் திருகும் முன்பே தடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த கட்டமாக என்ன கேட்கலாம்? பார் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. கவுன்ட்டரில் கட்டாயம் வயசுச் சான்று. குடிபோதை விபத்து எஃப்.ஐ.ஆர். ஒவ்வொன்றிலும் ‘கடைசியா எங்கே குடிச்சீங்க?’ என்று ஒரே ஒரு வரி. இதற்குப் புது டெக்னாலஜி எதுவும் வேண்டாம். ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

‘குடிக்காதே’ன்னு அட்வைஸ் பண்றது இந்தக் கட்டுரையோட வேலை இல்லை. அதை வீட்டிலும் ஹெச்.ஓ.டி. ரூமிலும் வேண்டிய அளவு கேட்டாச்சு. ஆனால், விபத்து நடந்த மறுநாள் நாம எப்பவும் கேட்பது ‘யாரு குடிச்சிட்டு ஓட்டினது?’ என்ற ஒரே கேள்விதான். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகலாம். கடைசி கிளாஸை ஊத்தினது யாரு?

அந்தக் கேள்வி பார்காரருக்கு மட்டும் இல்லை. ஹாஸ்டல் ரூம் பர்த்டே பார்ட்டியில் ‘ஒரே ஒரு ரவுண்டு மச்சி’ என்று நண்பனோட கிளாஸை நிரப்பிவிட்டு, அவன் பைக் சாவியை எடுக்கும்போது செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் நமக்கும் சேர்த்துத்தான். அங்கே ஆர்.எஸ்.ஏ. கார்டு யாரும் கேட்க மாட்டாங்க. சாவியை மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க!