பாப்புவா நியூ கினியில் ஒரு மிஷனெரித் தம்பதி: நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள்?

பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி. அங்கிருந்து நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான லாயேவுக்குக் காரில் போக முடியாது, சாலையே கிடையாது. குறுக்கே மலைத்தொடர் நிற்கிறது. மலைக்குள் இருக்கும் பல ஊர்களுக்குப் போக, சரிவில் வெட்டிய புல்தரையில் வந்து இறங்கும் சிறு விமானம் ஒன்றுதான் வழி. அதை விட்டால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். இப்படி மலையும் காடும் ஆறும் மக்களைப் பிரித்து வைத்ததாலோ என்னவோ, அந்த ஒரு நாட்டில் மட்டும் ஏறத்தாழ 840 மொழிகள் பேசப்படுகின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை மொழிகள் இல்லை.

அப்படிப்பட்ட ஓர் ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் உள்ளூர்ச் சபைகளுக்குத் துணையாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தங்குகிறார்கள். வேதாகம மொழிபெயர்ப்பு, எழுத்தறிவு, போதகர்களுக்குப் பயிற்சி ஆகியவைதான் அவர்கள் செய்யும் வேலை. அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்பதை இங்கே சொல்கிறேன். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஊழியத்தின் பொதுவான நடைமுறை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். சபையே இல்லாத இடத்துக்கு இவர்கள் போகவில்லை. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். 1872-இல் பசிபிக் கடலின் குக் தீவுகளிலிருந்து சில தம்பதியர், லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியர்களாக, பாப்புவாவின் தென்கரையில் வந்திறங்கினார்கள். மங்காயா தீவைச் சேர்ந்த ருவாட்டோக்காவும் அவர் மனைவி துங்கானேயும் அவர்களில் ஒரு தம்பதி. அந்தத் தீவுகளிலிருந்து வந்த ஊழியர்களில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ருவாட்டோக்கா 1903-இல் இறக்கும்வரை அந்த மண்ணிலேயே ஊழியம் செய்தார். 1886-இல் யோஹன்னஸ் ஃப்ளியர்ல் என்ற ஜெர்மானியர் ஃபின்ஷ்ஹாஃபன் பகுதியில் லுத்தரன் ஊழியத்தைத் தொடங்கினார். இன்று அந்தச் சபைகளுக்குச் சொந்தப் பேராயர்களும் போதகர்களும் மூப்பர்களும் இருக்கிறார்கள். இப்போது போகிற தம்பதி அங்கே விருந்தாளிகள், உதவியாளர்கள். இதை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்வார்கள்.

புதிதாக வருகிறவர்களை நேரே ஊருக்குள் அனுப்புவதில்லை. மடாங் நகருக்கு அருகே நோப்நோப் என்ற குன்றின்மேல் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. பல வாரங்கள் அங்கே தங்கி நாட்டின் பொதுமொழியான டோக் பிசினைக் கற்க வேண்டும். விறகடுப்பில் சமைக்கவும், மலையேறி நடக்கவும், மழைநீரைச் சேர்த்து அளந்து செலவழிக்கவும் பழக வேண்டும். கடைசியில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பொறுப்பில் சில வாரங்கள் வாழ வேண்டும். படிப்பிலும் பதவியிலும் உயர்ந்தவர்கள்கூட அந்த வாரங்களில் சிறு பிள்ளைகளைப் போல எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய முடியும். பயிற்சியின் பெரிய பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரில் அவர்கள் வீடு பெரும்பாலும் தூண்கள்மேல் கட்டிய மரவீடு. தகரக் கூரையில் விழும் மழைநீர் தொட்டிக்குப் போகிறது. கூரையில் சூரிய மின்தகடு. அது ஊட்டும் பேட்டரியில்தான் கணினியும் விளக்கும் ஓடுகின்றன. இரண்டு நாள் மேகம் மூடினால் கணினி வேலை நின்றுவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டியவை தண்ணீர்த் தொட்டியின் அளவும் பேட்டரியின் அளவும். முன்பெல்லாம் குறித்த நேரத்தில் வானொலிக் கருவியைத் திறந்து, எல்லா ஊர்களிலும் இருக்கும் ஊழியர்கள் நலமா என்று விசாரித்துக்கொள்வார்கள். 2007-க்குப் பிறகு கைப்பேசிக் கோபுரங்கள் பெருகின. ஆனாலும் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்குகள் இன்னும் உண்டு.

காலைச் சாப்பாடு முடிவதற்குள் வாசலில் ஆள் வந்துவிடும். ஒருவருக்குக் காலில் புண், இன்னொருவரின் குழந்தைக்குக் காய்ச்சல். அரசு மருந்தகம் தொலைவில் இருக்கலாம். அருகில் இருந்தாலும் அங்கே மருந்து தீர்ந்துபோயிருக்கலாம். கணவனோ மனைவியோ மருத்துவர் அல்ல. புண்ணைக் கழுவிக் கட்டவும், மலேரியாவுக்கு மாத்திரை கொடுக்கவும், கைமீறிய நோயாளியை விமானத்தில் அனுப்ப ஏற்பாடு செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். மலேரியா அவர்களையும் விடுவதில்லை. கொசுவலைக்குள் படுத்தும் காய்ச்சல் வரும். வந்தால் ஒரு வார வேலை போய்விடும்.

அதன்பின் மேசை வேலை. மிஷனெரியே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல முறையில் நடக்கும் இடங்களில் அப்படி இல்லை. முதல் வரைவை எழுதுவது அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவரோ மூவரோதான். தோட்ட வேலையை மனைவி மக்களிடம் விட்டுவிட்டு வந்து உட்காரும் உள்ளூர்க்காரர்கள் அவர்கள். மூலத்தில் அந்தப் பகுதி என்ன சொல்கிறது, பழைய யூத வழக்கம் என்ன, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்பதை விளக்குவதும், வரைவைக் கணினியில் ஏற்றி ஒப்பிடுவதும் மிஷனெரியின் பங்கு.

வரைவு முடிந்ததும், அதை இதுவரை கேட்டிராத ஊரார் முன் உரக்க வாசிக்கிறார்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், ஏன் கோபப்பட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பதில் தவறினால் குற்றம் கேட்டவருடையது அல்ல, வரைவினுடையது, திருத்த வேண்டும். பிறகு அந்த வரைவை டோக் பிசினுக்கோ ஆங்கிலத்துக்கோ அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஓர் ஆலோசகர் அதை வைத்துக்கொண்டு, உள்ளூர் மக்களையும் அருகில் உட்காரவைத்து, வசனம் வசனமாகச் சரிபார்க்கிறார். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 8,000 வசனங்கள். ஒவ்வொன்றும் இத்தனை படிகளையும் தாண்டி வர வேண்டும். புதிய ஏற்பாடு முடியப் பத்து ஆண்டு முதல் இருபது ஆண்டுவரை ஆவது இதனால்தான். ஊரில் ஒரு சாவு விழுந்தாலோ தேர்தல் வந்தாலோ மொழிபெயர்ப்புக் குழுவே கலைந்துபோகும். மறுபடி கூடும்வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே மனைவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிக்கைகளில் கணவர் பெயர் முன்னால் வருகிறது. படத்தில் அவர் நடுவில் நிற்கிறார். ஆனால் பல இடங்களில் மொழியியல் படித்தவர் மனைவியாகவே இருப்பார். அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து எழுத்து வகுத்தவரும், எழுத்துப் பழகும் முதல் புத்தகத்தைத் தயாரித்தவரும், அதைச் சொல்லித்தர உள்ளூர்ப் பெண்களைப் பழக்கியவரும் அவராக இருக்கலாம். மொழிபெயர்த்த புத்தகத்தை வாசிக்க ஆள் இல்லையென்றால் அந்த உழைப்பெல்லாம் எதற்கு? ஆகவே எழுத்தறிவு வகுப்பு இந்த ஊழியத்தின் பாதி. அதோடு வீட்டின் கணக்கு, மருந்துப் பெட்டி, பிள்ளைகளின் பாடம், மாதக்கணக்கில் தாங்கும்படி வாங்கி விமானத்தில் ஏற்ற வேண்டிய மளிகையின் பட்டியல், எல்லாம் அவர் தலையில். துங்கானே போன்ற பெண்கள் என்ன செய்தார்கள் என்று தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. 150 ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறையை நாமும் தொடர்வது நியாயமல்ல.

பிற்பகலில் வேலை மேசையிலிருந்து ஊராரிடம் மாறுகிறது. அந்நாட்டில் ஒரே மொழி, ஒரே உறவு என்று இருப்பவர்களை வன்டோக் என்பார்கள். வன்டோக்குக்குக் கொடுப்பதும் வன்டோக்கிடம் கேட்பதும் கடமை. ஊரார் அந்தத் தம்பதியை ஒரு குலத்தில் சேர்த்துக்கொண்டார்களென்றால், உப்பு, மண்ணெண்ணெய், பள்ளிக் கட்டணம் என்று கேட்டு வருவார்கள். அதே ஊரார் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கீரையையும் பையில் கொண்டுவந்து வைப்பார்கள். எதற்குக் கொடுப்பது, எப்போது மறுப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். மாலையில் திண்ணைப் பேச்சு. ஆண்களும் பெண்களும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்கிறார்கள். வெற்றிலைக்குப் பதில் வெற்றிலைக் கொடியின் கதிரைக் கடித்துக்கொள்வார்கள். சிவந்த வாயோடு நடக்கும் அந்தப் பேச்சு நம் ஊர்க்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. மொழியை உண்மையில் கற்பது அங்கேதான். ஊரில் சாவு நேர்ந்தால் நாள்கணக்கில் துக்க வீட்டில் போய் உட்கார வேண்டும். வராமல் வேலையைப் பார்த்தவரை ஊர் மறக்காது.

ஞாயிறு ஆராதனையை நடத்துவது உள்ளூர்ப் போதகர். மிஷனெரி மக்களோடு தரையில் உட்காருகிறார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அழைத்தால் பேசலாம், அழைக்காவிட்டால் கேட்க வேண்டும். வாரநாளில் போதகர்களோடு அமர்ந்து அடுத்த ஞாயிற்றின் பகுதியைச் சேர்ந்து படிப்பதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆண்டு முழுவதும் ஊரிலேயே இருப்பதில்லை. 1956-இல் அந்நாட்டில் வேலையைத் தொடங்கிய எஸ்.ஐ.எல். என்ற மொழியியல், வேதாகம மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குக் கிழக்கு மலைநாட்டில் உக்காரும்பா என்ற மையம் உண்டு. பள்ளி, மருத்துவ நிலையம், கடை, அச்சு வேலை, விமானப் பராமரிப்பு எல்லாம் அங்கே. சில மாதம் ஊரில், சில மாதம் அங்கே என்று பல குடும்பங்கள் மாறி மாறி இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களை அங்குள்ள விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். இந்த வாழ்க்கையில் தாய் தகப்பனுக்கு இதைவிடக் கடினமான நாள் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? விக்ளிஃப் போன்ற வேதாகம மொழிபெயர்ப்பு அமைப்புகளில் நிலையான சம்பளம் என்று ஒன்று இல்லை. சொந்த நாட்டுச் சபைகளும் நண்பர்களும் மாதந்தோறும் தர வாக்களிக்கும் தொகையில்தான் குடும்பம் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாடு திரும்பி, சபை சபையாகப் போய்ப் பேச வேண்டும். அது ஓய்வு அல்ல. வாக்களித்தவர்கள் குறைந்துபோனால் திரும்பிப் போவதே தள்ளிப்போகும். இரவில் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் அவர்கள் எழுதும் ஜெபக் கடிதம் இந்த ஆதரவாளர்களுக்குத்தான்.

வெளிநாட்டுத் தம்பதி ஊரில் தங்கி வேலை செய்யும் இந்த முறை இப்போது மாறிவருகிறது. அந்நாட்டாரே நடத்தும் வேதாகம மொழிபெயர்ப்புச் சங்கம் இருக்கிறது. அருகருகே உள்ள பல மொழிகளின் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து உழைக்கிறார்கள்; வெளிநாட்டுத் தம்பதி அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களாக மட்டும் நிற்கிறார்கள். இதுவே சரியான திசை. இதுவரை 200-க்கும் மேற்பட்ட மொழிகளில் புதிய ஏற்பாடு வெளிவந்திருக்கிறது. வெளியீட்டு நாளில் இறகும் மலரும் சூடி, ஆடிப் பாடிப் புத்தகப் பெட்டியைச் சுமந்து வருகிறார்கள் ஊரார். அது அவர்களுடைய புத்தகம்.

தமிழ்ச் சபைகளும் நெடுங்காலமாக மிஷனெரிகளைத் தாங்கிவருகின்றன. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். உங்கள் சபையும் எங்காவது ஒரு தம்பதியைத் தாங்கலாம். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று மட்டும் பார்த்து மடித்துவைக்காதீர்கள். தண்ணீர் இருக்கிறதா, காய்ச்சல் தணிந்ததா, பிள்ளை விடுதியில் பழகிக்கொண்டாளா என்று பதில் எழுதிக் கேளுங்கள். மனைவிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, இந்த மாதம் அவர் என்ன வேலை செய்தார் என்று விசாரியுங்கள். வாக்களித்த காணிக்கையை மாதம் தவறாமல் அனுப்புங்கள்.